ஒரு பெட்டாபைட் எத்தனை கிலோ? இரண்டாம் மாடி தாங்குமா?

படத்தொகுப்பு

வணக்கம். சென்னையில் ஒரு சின்ன எடிட்டிங் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். ஆவணப்படம், கச்சேரி, கல்யாணம் என்று எல்லாம் எடுப்போம். பல வருட ஃபுட்டேஜ் அத்தனையும் தனித்தனி ஹார்ட் டிஸ்க்காக இரண்டு இரும்பு பீரோவில் கிடக்கிறது. கூட்டினால் ஒரு பெட்டாபைட்டை, அதாவது ஆயிரம் டெராபைட்டை நெருங்குகிறது. எல்லாவற்றையும் ஒரே ரேக்கில், அதாவது கருவிகளை அடுக்கி மாட்டும் இரும்புச் சட்டத்தில், கொண்டுவந்துவிடலாம் என்று முதலாளி முடிவு செய்துவிட்டார்.

ஸ்டுடியோ இருப்பது இரண்டாம் மாடியில். குடியிருக்கக் கட்டிய பழைய கட்டடம். விஷயம் கேள்விப்பட்டதும் வீட்டுக்காரர் கேட்ட ஒரே கேள்வி, "எவ்வளவு வெயிட் வரும்?" டிஸ்க் விற்பவரிடம் கேட்டால் டெராபைட்டில் பதில் சொல்கிறார், கிலோவில் சொல்லத் தெரியவில்லை. இங்கே அனுபவம் உள்ளவர்கள் யாராவது சொல்ல முடியுமா?

கூடவே இன்னொரு சந்தேகம். காலி டிஸ்க்கை விட நிரம்பிய டிஸ்க் எடை கூடுமா? எங்கள் உதவியாளர் தம்பி கேட்டான். எனக்கும் பதில் தெரியவில்லை.

இயற்பியல் வாத்தியார்

உங்கள் தம்பி கேட்டது நல்ல கேள்வி. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவது என்றால் தட்டின் மேல் உள்ள நுண்ணிய காந்தப் பகுதிகளின் திசையை மாற்றுவது. புதிதாக எந்தப் பொருளும் உள்ளே போவதில்லை. நாம் காலி என்று சொல்லும் டிஸ்க்கிலும் அந்தக் காந்தப் பகுதிகள் ஏதோ ஒரு திசையில் இருக்கத்தான் செய்கின்றன. அதனால் நிரம்பினாலும் தராசு காட்டும் எடை அதேதான்.

பென் டிரைவ், எஸ்எஸ்டி போன்ற ஃபிளாஷ் நினைவகத்தில் கதை கொஞ்சம் வேறு. அங்கே எலக்ட்ரான்களைச் சின்னச் சின்ன அறைகளுக்குள் சிறைபிடித்து வைக்கிறோம். அவை வெளியிலிருந்து வருவதில்லை, அதே சில்லுக்குள் இடம் மாறுகின்றன. ஆனால் சிறைபட்ட எலக்ட்ரானுக்கு ஆற்றல் சற்று அதிகம். ஆற்றல் கூடினால் நிறையும் கூடும் என்பது ஐன்ஸ்டைனின் சமன்பாடு. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கணினிப் பேராசிரியர் ஜான் குபியாட்டோவிச் 2011இல் இதைக் கணக்குப் போட்டார். 4 ஜிகாபைட் கொள்ளும் மின்னூல் கருவி ஒன்றை முழுக்க நிரப்பினால் கூடும் எடை, ஒரு கிராமை 1க்குப் பின் 18 சைபர் போட்ட எண்ணால் வகுத்தால் வருவது. அதே கணக்கை உங்கள் ஒரு பெட்டாபைட்டுக்கு நீட்டினாலும், 1க்குப் பின் 12 சைபர் போட்ட எண்ணால் ஒரு கிராமை வகுத்து, அதில் கால் பங்கு. எந்தத் தராசாலும் நேரடியாக அளக்க முடியாத அளவு.

ஆக, தரவுக்கு என்று தனி எடை இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் பயப்படுவது அதைத் தாங்கும் இரும்புக்கும் அலுமினியத்துக்கும்தான்.

ராத்திரி ஷிஃப்ட்

டேட்டா சென்டரில் ரேக் ஏற்றி இறக்குவதுதான் என் வேலை. கிலோ கணக்கை நான் சொல்கிறேன்.

இப்போது கிடைக்கும் 20 டெராபைட் டிஸ்க் ஒன்று சுமார் 700 கிராம். ஒரு பெட்டாபைட்டுக்கு 50 டிஸ்க் என்று நினைப்பீர்கள். அப்படி வாங்கினால் ஒன்று செத்தாலும் அதிலிருந்த ஃபுட்டேஜ் போய்விடும். பத்து பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்திலும் ஏதாவது செத்தால் ஈடுகட்ட இரண்டு டிஸ்க் அளவு இடத்தை ஒதுக்கினால், 60 டிஸ்க்கில் 960 டெராபைட் தேறும். டிஸ்க் மட்டும் 42 கிலோ.

அந்த 60 டிஸ்க்கும் உட்காரும் பெட்டி நான்கு யூ (ரேக்கில் உயரம் சொல்லும் அளவு, நான்கு யூ என்றால் ஏழு அங்குலம்) உயரம் இருக்கும். மேலிருந்து டிஸ்க்கைச் செருக வேண்டும். பெட்டி, இரண்டு பவர் சப்ளை, ஃபேன், பெட்டியை வெளியே இழுக்க உதவும் தண்டவாளம் எல்லாம் சேர்த்து நிரப்பினால் 100 கிலோவைத் தொடும். அதாவது டிஸ்க்கை விட டிஸ்க்கைச் சுமக்கும் பெட்டிதான் அதிக எடை. மாற்றுப் பிரதி வேண்டும் என்று இன்னொரு பெட்டி வைத்தால் இன்னொரு 100. இரண்டையும் ஆட்டிவைக்கும் சர்வர் 30 கிலோ. காலி ரேக் மட்டும் 120 கிலோ. ஸ்விட்ச், கேபிள் எல்லாம் சேர்த்து 370 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இனி எல்லோரும் மறக்கும் விஷயம், பேட்டரி. உங்கள் அளவுக்கு 3 கேவிஏ யுபிஎஸ் போதும். கரண்ட் போனால் இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும் என்றால் 65 ஏஹெச் பேட்டரி எட்டு வேண்டும். ஒன்று 20 கிலோவுக்கு மேல். ஸ்டாண்டு, யுபிஎஸ் சேர்த்து 200 கிலோ. ஈயம்தானே, எடை இருக்கத்தான் செய்யும். மொத்தம் 570, பாதுகாப்பாக 600 கிலோ என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

தூண்-பீம்

நான் கட்டட வடிவமைப்புப் பொறியாளர். 600 கிலோ என்ற எண்ணைப் பார்த்து யாரும் பதற வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அது எவ்வளவு இடத்தில், எந்த இடத்தில் நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் நாட்டில் கட்டடங்களுக்குச் சுமை சொல்லும் நெறி ஐஎஸ் 875, இரண்டாம் பகுதி. குடியிருப்பு அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், ஏறத்தாழ 200 கிலோ. அதே நெறி நூலகத்தில் புத்தக அலமாரி நிற்கும் அறைக்கு 6 கிலோநியூட்டன் கேட்கிறது, அதுவும் 2.2 மீட்டர் உயரம் வரைக்கும்தான். உயரம் கூடினால் மீட்டருக்கு இன்னும் 2. காகிதம் அவ்வளவு கனம்.

இப்போது உங்கள் ரேக். 60 சென்டிமீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்றால் 0.72 சதுர மீட்டர். 370 கிலோவை அதால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 510க்கு மேல். வசிக்கும் அறைக்குள் ஒரு நூலக அடுக்கைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குச் சமம்.

ஆனால் மூன்றரைக்கு நான்கு மீட்டர் அறை என்றால், மொத்தமாக 2,800 கிலோ பரவலாக ஏற்றலாம் என்று கணக்கிட்டுத்தான் ஸ்லாபைப் போட்டிருப்பார்கள். அந்த அறையில் வேறு பெரிய சுமை இல்லாவிட்டால் 600 கிலோ மொத்தத்தில் அதிகம் இல்லை. ஒரே இடத்தில் குவிவதுதான் சிக்கல். ஸ்லாபின் நடுவில் நிறுத்தினால் வளைவு அதிகம். பீமை ஒட்டி, தூணுக்குப் பக்கத்தில், கீழே சுவர் இருக்கும் பக்கமாக நிறுத்தினால் சுமை நேராக இறங்கிவிடும். பால்கனி, சுவருக்கு வெளியே நீட்டிய பகுதி, இவை கூடவே கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பழைய கட்டடம் என்கிறீர்கள். கீழ்மாடிக்குப் போய்ச் சீலிங்கைப் பாருங்கள். பூச்சு உப்பியிருக்கிறதா, கம்பி தெரிகிறதா, துருக் கறை படிந்திருக்கிறதா? பாத்ரூம் கசிவு பட்ட பக்கம் இருந்தால் மேலே நான் சொன்ன கணக்கு எதுவும் செல்லாது. நேரில் ஒருவரை வரவழைத்துப் பார்க்காமல் ரேக்கை ஏற்றாதீர்கள்.

மேகவாசி

இவ்வளவு சிரமம் எதற்கு? எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிட்டால் எடைப் பேச்சே இல்லையே.

ராத்திரி ஷிஃப்ட்

எடை உங்கள் வீட்டிலிருந்து எங்கள் தரைக்கு வந்துவிடும், அவ்வளவுதான். எங்கள் கட்டடத்தை முதல் நாளிலிருந்தே அதற்கென்று கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கஷ்டம். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஏற்றினாலும் ஒரு பெட்டாபைட் ஏற 926 நாள் ஆகும். இரண்டரை வருடம். ஒரு ஜிகாபிட் இருந்தால் மூன்று மாதம். அதற்குள் புதுப் படப்பிடிப்பு வந்து குவிந்துவிடும்.

பெரிய நிறுவனங்களுக்கே இந்தப் பாடு இருந்தது. அமேசான் 2016இல் ஸ்னோமொபைல் என்று ஒரு வண்டியைக் கொண்டுவந்தது. 45 அடி கன்டெய்னர், டிரெய்லர் லாரி இழுக்கும், 100 பெட்டாபைட் கொள்ளும். வாடிக்கையாளர் வாசலில் கொண்டுபோய் நிறுத்திக் கேபிளை மாட்டி, நிரம்பியதும் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். நிரம்பிய கன்டெய்னரின் எடை சுமார் 31 டன். 2024இல் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். 100 பெட்டாபைட்டைப் பத்து ஜிகாபிட் இணைப்பில் அனுப்பினாலும் அதே இரண்டரை வருடம்தான்.

வான்நோக்கி

இதற்கு நான் அறிந்ததிலேயே அழகான உதாரணம் கருந்துளைப் படம். என் மனதுக்கு நெருக்கமான விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2017 ஏப்ரலில் ஈவென்ட் ஹொரைசன் தொலைநோக்கித் திட்டத்தில் எட்டு ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தன. சிலி, ஹவாய், அரிசோனா, மெக்சிகோ, ஸ்பெயின், தென்துருவம் என்று ஆறு இடங்கள். ஒவ்வொன்றும் தன் அணுக்கடிகார நேரத்தோடு ரேடியோ அலையை அப்படியே பதிவு செய்தது. பின்னால் ஓரிடத்தில் எல்லாப் பதிவுகளையும் நொடியின் நுண்ணிய பின்னம் வரை ஒத்துப்பார்த்தால்தான் பூமி அளவு விரிந்த ஒரே தொலைநோக்கியாக அவை வேலை செய்யும். அதனால் எதையும் அங்கேயே சுருக்கி எறிய முடியாது. மூலப்பதிவு முழுசாக வேண்டும்.

அப்படிச் சேர்ந்தது சுமார் 5 பெட்டாபைட். அரை டன்னுக்கு மேல் ஹார்ட் டிஸ்க். எல்லாவற்றையும் விமானத்தில் ஏற்றி அமெரிக்காவில் எம்ஐடியின் ஹேஸ்டாக் ஆய்வகத்துக்கும் ஜெர்மனியில் பான் நகரின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்துக்கும் கொண்டுபோனார்கள். ஒரு ஜிகாபிட் இணைப்பில் 5 பெட்டாபைட் அனுப்ப ஒரு வருடம் மூன்று மாதம் ஆகும். மலை உச்சிகளில் அந்த இணைப்பும் கிடையாது.

மலை உச்சி என்றதும் இன்னொன்று. ஹார்ட் டிஸ்க்கின் படிக்கும் முனை தட்டைத் தொடாமல், அதன் மேல் காற்றுப் படலத்தில் மிதக்கிறது. சிலியில் அந்த எட்டில் ஒன்றான ஆல்மா தொலைநோக்கி இருக்கும் சமவெளி 5,000 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிந்திருப்பதால் முனை சரியாக மிதக்காது, சாதாரண டிஸ்க் கெட்டுவிடும். அதனால் ஹீலியம் அடைத்து இறுக மூடிய டிஸ்க்குகளைப் பயன்படுத்தினார்கள். வெளியே காற்று எவ்வளவு மெலிந்தாலும் உள்ளே அதே அழுத்தம் இருக்கும்.

தென்துருவத்து டிஸ்க்குகளின் கதை இன்னும் பெரிது. ஏப்ரலில் பதிவு முடிந்தபோது அங்கே குளிர்காலம் இறங்கிவிட்டது. பிப்ரவரி வாக்கில் மூடும் விமானப் போக்குவரத்து மறுபடி திறக்க அக்டோபர், நவம்பர் ஆகிவிடும். அதுவரை அத்தனை பேரும் காத்திருந்தார்கள். டிசம்பரில்தான் அந்தப் பெட்டிகள் ஹேஸ்டாக் வந்து சேர்ந்தன. 2019 ஏப்ரல் 10ஆம் தேதி நாம் எல்லோரும் பார்த்த அந்த ஆரஞ்சு வளையத்துக்குப் பின்னால் இந்தக் காத்திருப்பும் இருக்கிறது.

புதுவரவு

அண்ணா, ஒரு சந்தேகம். அந்தப் படத்தில் இருக்கும் கருந்துளை எம்87 என்ற விண்மீன் மண்டலத்தில் இருப்பது. தென்துருவத்திலிருந்து எம்87 தெரியவே தெரியாதே? அது வடபாதி வானத்தில் அல்லவா இருக்கிறது? அப்புறம் எதற்கு அந்த டிஸ்க்குகளுக்காகக் காத்திருந்தார்கள்?

வான்நோக்கி

சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. எம்87ஐத் தென்துருவம் பார்க்கவில்லை. ஆனால் அதே நாட்களில் 3சி 279 என்ற குவாசரையும் (வெகு தொலைவில் பிரகாசமாக ஒளிரும் விண்மீன் மண்டல மையம்) நம் பால்வீதியின் மையத்தையும் சேர்த்துத்தான் பதிவு செய்தார்கள். குவாசரைத் தென்துருவமும் பார்த்தது. மொத்த வலைப்பின்னலும் சரியாக ஒத்து வேலை செய்கிறதா என்று சோதிக்க அந்தத் தரவு உதவியது. 2022 மே மாதம் வெளியான பால்வீதி மையக் கருந்துளைப் படத்தில் தென்துருவத்தின் பங்கு நேரடியாகவே உண்டு.

டேப் பிரியன்

எல்லோரும் டிஸ்க்கைப் பற்றியே பேசுகிறீர்கள். படத்தொகுப்பு சார், உங்கள் வேலைக்கு டேப்பை யோசித்தீர்களா? முடிந்த கல்யாணத்தின் ஃபுட்டேஜைத் தினமும் யார் திறக்கப்போகிறார்கள்?

எல்டிஓ என்பது தரவைக் காப்பகமாக வைக்கும் காந்த நாடா வகை. அதன் 9ஆம் தலைமுறை டேப் ஒன்றில் 18 டெராபைட் பிடிக்கும். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, சுமார் 200 கிராம். உள்ளே அரை அங்குல அகலத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நாடா சுருண்டிருக்கிறது. ஒரு பெட்டாபைட்டுக்கு 56 டேப். பிளாஸ்டிக் உறையோடு சேர்த்தாலும் 15 கிலோவைச் சுற்றித்தான். அலமாரியில் சும்மா இருக்கும்போது கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வேறு ஊரில் வைத்தால் வெள்ளம், தீ எதற்கும் பயமில்லை.

கனம் எப்படிக் குறைந்து வந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். 1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் டிஸ்க் கருவி 350. இரண்டடி விட்டத்தில் ஐம்பது தட்டுகள், எடை சுமார் ஒரு டன், கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைய கணக்கில் 3.75 மெகாபைட். உங்கள் ஒரு பெட்டாபைட்டை அந்தக் கருவிகளில் வைத்திருந்தால் 26 கோடி டன்னுக்கு மேல் வந்திருக்கும்.

புதுவரவு

அப்படியே இன்னும் கீழே போனால் என்ன? ஒரு டெராபைட் மைக்ரோ எஸ்டி கார்டு கால் கிராம்தான். ஆயிரம் கார்டு வாங்கினால் ஒரு பெட்டாபைட் கால் கிலோவில் முடிந்துவிடுமே?

இயற்பியல் வாத்தியார்

கணக்கு சரிதான் தம்பி, ஆனால் அந்த ஆயிரம் கார்டையும் ஒரே நேரத்தில் படிக்க ஒரு கருவி வேண்டாமா? அதைக் கட்டிப் பார்த்தால் எடை பழையபடி ஏறிவிடும். சும்மா எடுத்து வைத்தாலும், சிறைபிடித்த எலக்ட்ரான்கள் காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். வருடக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் வைக்கும் காப்பகத்துக்கு ஃபிளாஷ் ஏற்றதில்லை.

இதன் உச்சம் டிஎன்ஏ. 2017இல் யானிவ் எர்லிக், டினா சீலின்ஸ்கி இருவரும் ஒரு கிராம் டிஎன்ஏவில் 215 பெட்டாபைட் வரை வைக்க முடியும் என்ற அளவுக்கு அடர்த்தியாக எழுதிக் காட்டினார்கள். ஆனால் எழுத ஒரு வேதியியல் ஆய்வகம் வேண்டும், படிக்க மரபணு வரிசை படிக்கும் இயந்திரம் வேண்டும். பொருள் மெலிய மெலிய, அதைச் சுற்றி நிற்கும் கருவியின் எடைதான் மிஞ்சுகிறது.

ராத்திரி ஷிஃப்ட்

ஆமாம், எங்கள் வேலையில் அன்றாடம் பார்ப்பது அதைத்தான். டிஸ்க்கின் கொள்ளளவு ஏறிக்கொண்டே போகிறது, ஒரு டிஸ்க்கின் எடை அதே 700 கிராமில் நிற்கிறது. அப்படியானால் மொத்த எடை குறைய வேண்டும் அல்லவா? குறையவில்லை. இடம் இருந்தால் இன்னும் சேமிக்கிறார்கள். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 2023இல் தன்னிடம் உள்ள டிஸ்க் இடம் ஒரு எக்ஸாபைட்டை, அதாவது ஆயிரம் பெட்டாபைட்டைத் தாண்டிவிட்டதாக அறிவித்தது. 1,11,000 சாதனங்கள், பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க். ஒன்றுக்கு 700 கிராம் போட்டால் வெறும் டிஸ்க் மட்டும் 75 டன்னுக்கு மேல். பெட்டி, ரேக் கணக்கு தனி.

டேப் பிரியன் சார் சொன்னதை நானும் ஆதரிக்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு. எல்டிஓ 9 டிரைவ் தன் தலைமுறை டேப்பையும் அதற்கு முந்தைய 8ஆம் தலைமுறை டேப்பையும் மட்டும்தான் படிக்கும், 7ஐயும் அதற்கு முந்தையவற்றையும் தொடாது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறையாவது புது டேப்புக்கு மாற்றும் செலவை முதலாளியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

படத்தொகுப்பு

அனைவருக்கும் நன்றி. இன்று வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசினேன். நடக்கும் வேலைகளுக்கு மட்டும் ஒரே ஒரு டிஸ்க் பெட்டி, முடிந்த வேலைகள் எல்லாம் டேப்பில் இரண்டு பிரதி என்று முதலாளியும் ஒத்துக்கொண்டுவிட்டார். ஒரு பிரதி அவர் ஊர் திருச்சிக்குப் போகும். ஆக ரேக் 270 கிலோவுக்குள் வந்துவிடும்.

ஏற்றுவது எப்படி என்று சொல்லுங்கள். லிஃப்ட் 6 பேர், 408 கிலோ என்று போட்டிருக்கிறது. அப்புறம் பேட்டரியைத் தரைத்தளத்தில் வைத்துவிட்டு மேலே ஒயர் இழுத்துக்கொள்ளலாமா?

ராத்திரி ஷிஃப்ட்

408க்குள் வருகிறதே என்று நிரப்பிய ரேக்கை லிஃப்டில் தள்ளிவிடாதீர்கள். உள்ளே உருட்டும்போது முன்சக்கரம் இரண்டும் லிஃப்ட் தரையின் விளிம்பில் ஏறும், பாதிச் சுமை ஒரு கோட்டில் நிற்கும். ரேக்கைக் காலியாக ஏற்றுங்கள். டிஸ்க்குகளைக் கழற்றி, எந்தக் குழியில் எது என்று எண் ஒட்டி, நுரை வைத்த பெட்டிகளில் தனியாகக் கொண்டுபோங்கள்.

மேலே போனதும் டிஸ்க் பெட்டியைக் கடைசித் தட்டில், தரையை ஒட்டி மாட்டுங்கள். டிஸ்க் மாற்ற அந்தப் பெட்டியை முன்னால் முழுசாக இழுக்க வேண்டும். அப்போது 100 கிலோ ரேக்குக்கு வெளியே தொங்கும். மேல்தட்டில் மாட்டியிருந்தால் ரேக் அப்படியே ஆள் மேல் சாயும். முன்பக்கத் தாங்குகாலை வெளியே இழுத்து வைக்காமல் பெட்டியைத் தொடவே கூடாது. எங்கள் இடத்தில் புதிதாக வருபவருக்கு நாங்கள் முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

தூண்-பீம்

பேட்டரியை மட்டும் கீழே வைக்காதீர்கள். பேட்டரியிலிருந்து யுபிஎஸ்ஸுக்குப் போவது டிசி, இரண்டு மாடி தூரம் இழுத்தால் தடித்த ஒயர் வேண்டும், மின்னழுத்தமும் குறையும். யுபிஎஸ், பேட்டரி இரண்டையும் கீழே வைத்து, அதிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசியை மட்டும் தனி லைனாக மேலே கொண்டுபோங்கள். எர்த்தும் தனியாக. மாடியில் 200 கிலோ குறைந்துவிடும். கீழே காற்றோட்டம் உள்ள இடமாகப் பார்த்து வையுங்கள்.

2015 டிசம்பரில் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். பேட்டரி ஸ்டாண்டுக்கு அதற்கு மேல் உயரமாகச் செங்கல் மேடை கட்டுங்கள். மாடியில் ரேக்கின் நான்கு கால்களுக்கும் கீழே 10 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒன்று முழு அகலத்துக்கும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் டைல்ஸ் நான்கு இடத்தில் விரியும். கீழ்வீட்டுச் சீலிங்கின் படங்களை எடுத்து இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

படத்தொகுப்பு

கீழ்வீட்டில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். எடுத்து அன்று மாலையே போடுகிறேன் சார்.